ஓர் எழுத்துக்கு நாற்பது நாள்

சின்னவள் பிறந்ததிலிருந்து பேசியதையெல்லாம் எழுதிவைத்தால் ஒரு நோட்டு போதும், அதிலும் பின்பக்கங்கள் மிச்சமிருக்கும். பெரியவள் பேசியதை எழுத நோட்டுத் தொழிற்சாலை வேண்டும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே அறையில் இருபத்துநான்கு வருடம் படுத்து எழுந்தவர்கள். வீட்டுக்கென்று வந்த பேச்சையெல்லாம் மூத்தது முதலிலேயே வழித்துக்கொண்டு போய்விட்டது, இளையதுக்கு மிச்சம் வைக்கவில்லை என்பாள் அம்மா.

சின்னவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. டாக்டரிடம் போனால் இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அக்கா சொல்வாள். தையல்காரரிடம் இவளுக்குக் கை இறுக்கமாக இருக்கிறது என்று அக்கா சொல்வாள். செல்பேசி அடித்தால் சின்னவள் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்துவிடுவாள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு மட்டும்தான் தனியாகப் போனாள். அங்கே எல்லாக் கேள்விக்கும் தலையாட்டினாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அவளுக்கு ஏற்ற இடம்தான். தண்ணீரை என்ன செய்தாலும் அது திரும்பி ஒரு கேள்வி கேட்காது.

யோசிக்காமல் அவள் பேசிய வாக்கியம் வாழ்க்கையிலேயே ஒன்றுதான். வந்த வினை முழுக்க அதனால்தான்.

பெரியவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேறு ஊரில் இதைவிடப் பெரிய கூடத்தில் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும், ஆறு வாரத்தில் கிளம்பப் போவதாகவும் சொன்னாள். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாடி வீட்டு அத்தைக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுப்பவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அந்த ஊர், அந்தக் கூடம், அங்கே பல் சுடுவதற்கு இருக்கும் புது உலை என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, பெரியவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே, ஊமைக்கோட்டான்?"

சின்னவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. சந்தோஷம் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். போகாதே என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மூன்றும் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டதில் நான்காவது ஒன்று வெளியே விழுந்தது.

"நீ போனாத்தான் அந்த ரூமுக்கே நிம்மதி."

பெரியவள் கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தங்கையோடு பேச்சு இல்லை.

சின்னவள் பேசாவிட்டால் ஊருக்குத் தெரியாது. பெரியவள் பேசாவிட்டால் தெருவுக்கே தெரியும். மாடி வீட்டு அத்தை இறங்கி வந்து, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள். கூடத்துச் சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்ததா என்று அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பேச வேண்டியது இருந்தால் அம்மா வழியாகப் போய்வந்தது.

"அம்மா, ஷாம்பு தீந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லு."

அந்த அவள் ஒரு கை தூரத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஷாம்பு தீந்துபோச்சாம்," என்றாள் அம்மா.

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"தலையாட்டறா," என்றாள் அம்மா. "இதையும் நான்தான் சொல்லணுமா? உனக்குக் கண்ணு தெரியுதுல்ல?"

மூன்று நொடியில் சொன்னதை மூன்று நொடியில் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். 'தப்பாச் சொல்லிட்டேன்க்கா' என்றால் முடிந்தது. சின்னவள் ஐந்து நாள் முயன்றாள். குளியலறையில் அருமையாக வந்தது. வெளியே வந்து அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியம் துண்டோடு சேர்ந்து கொடியில் தொங்கிவிட்டது.

ஆறாம் நாள் செல்பேசியில் அவள் ஒரு படத்தைப் பார்த்தாள். அறுநூறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப் புத்தகத்தின் ஒரு பக்கம். முதல் எழுத்து உள்ளங்கை அகலத்துக்குப் பொன்னில் புடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி நீலமும் சிவப்புமாகக் கொடி. ஓரத்தில் குதிரைமேல் ஒரு வீரன், ஈட்டியை நீட்டிக்கொண்டு ஒரு நத்தையோடு சண்டைக்கு நின்றான். அந்தக் காலத்தில் யாரோ ஒருவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சின்னவளுக்குத் தன் ஆட்களைக் கண்டுகொண்ட மாதிரி இருந்தது.

மன்னிப்பை இப்படிக் கேட்டுவிடலாம். ஒரே ஒரு பக்கம். அக்கா கிளம்புவதற்குள் முடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வாய்ச் சொல்லைத் தவிர்ப்பதற்காக அவள் ஒரு நூற்றாண்டையே கூப்பிட்டு வந்தாள்.

அதைச் செய்வது எப்படி என்று ஒரு காணொளித் தொடர் கிடைத்தது. பேசுகிறவர் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் பாகத்திலேயே அவர் சொன்னார்: முதலில் சொற்களை எழுதி முடியுங்கள். பெரிய எழுத்துக்கு இடம் விட்டுவைத்து, பிறகு பொன், கடைசியாக வண்ணம். பொன் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டும், ஆகவே வரிசை மாறக்கூடாது.

சின்னவள் வரிசையை மாற்றினாள். என்ன எழுதுவது என்று தெரியாது, அதுதான் காரணம். எதை எழுதினாலும் 'அக்கா' என்றுதான் தொடங்கப் போகிறது, ஆகவே 'அ' வரை உறுதி. உறுதியான தரவிலிருந்து தொடங்குவதுதான் அறிவியல் முறை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். மற்றதற்குப் பென்சிலால் பதினான்கு கோடுகள் மட்டும் இழுத்துவைத்தாள். கோடுகள் மிக நேராக வந்தன. அந்த வாரம் அதோடு முடிந்தது.

பொருள்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. கன்றுக்குட்டித் தோலுக்குப் பதில் கெட்டியான ஓவியத் தாள். வாத்து இறகுக்குப் பதில் பட்டை நிப்பு. கடல் கடந்து வந்த நீலக்கல் தூளுக்குப் பதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் போஸ்டர் கலர். பொன்னுக்குப் பதில், ஸ்டேஷனரிக் கடைக்காரர் "இதுவும் கோல்டுதாம்மா, கோல்டு மாதிரி" என்று எடுத்துக் கொடுத்த பித்தளை இழைத்தாள். மூச்சுப்பட்டால் பறக்கிற மாதிரி மெல்லிசு.

எழுத்து புடைத்து நிற்க அடியில் ஒரு மாவு வேண்டும். சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைத் தூள், பசை, கொஞ்சம் தேன். தூளுக்கு எங்கே போவது என்று யோசித்தாள். அக்காவின் பையில் பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் இருந்தது. இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டாள். ஒட்டிய பொன்னைத் தேய்த்துப் பளபளப்பாக்க அந்தக் காலத்தில் நாயின் பல்லைப் பிடிபோட்டு வைத்திருந்தார்களாம். தெருமுனை வீட்டில் ஒரு நாய் இருந்தது. ஆனால் எல்லாப் பல்லையும் அதுவே உபயோகித்துக்கொண்டிருந்தது. அக்காவின் பையில் பர்னிஷர் என்று ஒரு கருவி இருந்தது. நீளமான பிடி, நுனியில் மிளகு அளவுக்கு ஒரு எஃகு உருண்டை. பல்லை மழமழப்பாகத் தேய்க்கிற சாமான். அதையும் எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவரின் பையிலேயே கைவைத்து மன்னிப்பைத் தயாரிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குக் காலை ஏழு மணி வேலை, நான்கு மணிக்கு வீடு. அக்கா வர ஏழாகும். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரம், துணி தேய்க்கும் மேசையில் வேலை நடக்கும். முடிந்ததும் பக்கத்தை அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைப்பாள்.

மாவு காய்ந்ததும், அதன்மேல் அடிவயிற்றிலிருந்து மூச்சு விட வேண்டும். அந்த ஈரத்தில் தேன் இளகும், அப்போது இழையைப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஜூஸ் உறிஞ்சும் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, சின்னவள் தாள்மேல் கவிழ்ந்து 'ஹா' என்று ஊதிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்தாள்.

"என்னடி பண்றே?"

"மூச்சு விடறேன்."

"அது தெரியுது. பேப்பருக்கா?"

"ஈரம் வேணும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, தடியாக ஒரு 'அ' கிடந்தது. "உங்கக்காகிட்ட விட வேண்டிய மூச்சை எல்லாம் இதுமேல விட்டுக்கிட்டு இரு," என்று சொல்லிவிட்டு, தேய்க்க வந்த புடவையைத் தேய்க்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் இழை அவள் மூக்கில் ஒட்டியது. இரண்டாவது மின்விசிறிக்குப் போனது. மூன்றாவது ஒட்ட வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் ஒட்டியது. காணொளிக்காரர் எச்சரித்த மாதிரியே அது பென்சில் கோடுகள்மேலும் பொடிப்பொடியாக உட்கார்ந்துகொண்டது. இருபத்தாறாம் நாள், ஐந்தாவது இழையில், 'அ' பொன்னானது. பர்னிஷரால் மெல்லத் தேய்த்தாள். எழுத்தின் வளைவில் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. தன் கையால் இப்படி ஒன்று வந்ததை நம்பாமல், தொட்டுப் பார்த்தாள். கட்டை விரலால், அழுத்தமாக.

பொன் மங்காமல் இருக்க மேலே என்ன பூசுவது என்பது அடுத்த கேள்வி. இழை வந்த பாக்கெட்டின் பின்புறம் அதற்கான பதில் பொடி எழுத்தில் இருந்தது. லேபிள் படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் அந்த ஒரு லேபிளைப் படிக்கவில்லை. அவள் அதற்குள் அறுநூறு வருடத்துக்குப் பின்னால் போயிருந்தாள். அந்தக் காலத்து ஆட்கள் முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, தெளியவிட்டு, அந்த நீரைப் பூசுவார்களாம். தாள், நிப்பு, நீலம், பொன் எல்லாமே போலி, ஒரு முட்டையாவது அசலாக இருக்கட்டும் என்று அவளுக்குத் திடீரென்று ஒரு பக்தி வந்துவிட்டது. இரண்டு பூச்சுப் பூசினாள். கொடியும் இலையும் வரைந்து வண்ணம் தீட்டினாள். ஓரத்தில் நத்தையை வரைந்தாள். நத்தை நன்றாகவே வந்தது. குதிரையும் வீரனும்தான் நாலு நாளைத் தின்றுவிட்டார்கள்.

சொற்கள் இன்னும் வரவில்லை. தினமும் உறையைத் திறப்பாள், ஒரு இலை சேர்ப்பாள், மூடிவிடுவாள். கொடி அடர்ந்துகொண்டே போனது.

முப்பத்தெட்டாம் நாள் பரிசோதனைக் கூடத்தில் புட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் வேண்டாத கிருமி இருந்தால் அது கந்தக வாயுவை விடும், உள்ளே போட்டிருக்கும் தாள் கறுத்துவிடும். சின்னவள் இதை நாளைக்கு முப்பது தடவை பார்க்கிறவள். அவளோடு வேலை பார்ப்பவரை எல்லாரும் பிப்பெட் அண்ணன் என்பார்கள். அவர் ஒரு புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பாரும்மா, நேத்து மஞ்சளா இருந்துச்சு. இன்னைக்குக் கரியா இருக்கு. கந்தகம் இருந்தா மறைச்சுவைக்க முடியாது."

சின்னவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

முட்டையில் கந்தகம். பித்தளையில் செம்பு. இரண்டையும் சேர்த்து, ஈரத்தோடு, காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையில், இரண்டு வாரம்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"அண்ணே, செம்பு மேல முட்டை பட்டா என்ன ஆகும்?"

"கறுத்துப் போகும். பத்தாம் வகுப்புல வருமே. ஏன், வீட்டுப் பிள்ளைங்க யாருக்காவது பரிட்சையா?"

"ஆமா," என்றாள் சின்னவள். "ஃபெயில்."

வீட்டுக்கு வந்து உறையை உருவினாள். 'அ' கறுத்திருந்தது. சீராகக் கறுத்திருந்தாலும் ஒரு கம்பீரம் இருந்திருக்கும். இங்கே பழுப்பு, அங்கே பச்சை, நடுவில் தார் என்று திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. வளைவின் நடுவில், ரேகை ரேகையாக, அவள் கட்டை விரல் துல்லியமாகப் பதிந்திருந்தது. இதுவரை அவள் செய்த பரிசோதனைகளிலேயே மிகத் தெளிவான முடிவு அதுதான்.

அந்தக் காலத்தில் தப்பு வந்தால் தோலைக் கத்தியால் சுரண்டிவிடுவார்களாம். இவள் தாளைச் சுரண்டினாள். ஓரத்தில் பஞ்சு பிரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். புதிதாகச் செய்ய நாள் இல்லை. இன்னும் நான்கே நாள். கையில் இருப்பது ஒரு கரி எழுத்து, காடு மாதிரி ஒரு கொடி, பதினான்கு வெற்றுக் கோடு. பக்கத்தை உறையில் போட்டுப் பழைய இடத்தில் தள்ளினாள். அக்கா பேசாமலே போய்விடுவாள், போன பிறகு அந்த அறைக்கு நிம்மதி வரும், அந்த நிம்மதியில் தான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது, தள்ளிய உறையை ஒரு தரம் வெளியே எடுத்துவிட்டு மறுபடி தள்ளினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பெரியவள் பெட்டி கட்டினாள். கட்டில் முழுக்கச் சாமான். கருவிப் பையைக் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அம்மா," என்று கூப்பிட்டாள். "என் பர்னிஷரைக் காணோம். மூணு வாரமாக் காணோம். லேப்ல கூட வேலை பார்க்கிற ஒரு சிடுமூஞ்சிதான் எடுத்திருப்பான்னு நினைச்சு அவகூடப் பேசறதையும் விட்டுட்டேன். எதுக்கும் வீட்டுல யாராவது பார்த்தாங்களான்னு கேளு."

அம்மா வாசலில் வந்து நின்றாள். யாராவது என்பது பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியாடி?"

ஒரு ஆள் பாவம், செய்யாத திருட்டுக்கு மூன்று வாரமாகப் பேச்சு வாங்காமல் இருந்திருக்கிறது. அந்த வலி என்னவென்று இந்த வீட்டில் தெரிந்தவள் சின்னவள் ஒருத்திதான். எழுந்தாள். தலையணை உறைக்குள் கையை விட்டு, பர்னிஷரை எடுத்து, கட்டில்மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஓடிவிடத்தான் நினைத்தாள். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எஃகு உருண்டையில் மஞ்சள் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"யாருக்குடி தங்கப் பல்லு கட்டினே?"

நாற்பது நாள் கழித்து நேராக வந்த முதல் வார்த்தை அது. அம்மா சத்தமில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சின்னவள் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு உறையை எடுத்து நீட்டினாள். பெரியவள் உள்ளே இருந்ததை உருவினாள்.

"இது அம்மா முட்டி."

"அடுத்தது."

பெரியவள் பக்கத்தைக் கட்டிலில் விரித்தாள். பற்களின் மிகச் சின்ன வளைவுகளைப் பார்த்துப் பழகிய கண். அது கொடியோடு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

"இந்த அடிமாவு என் பிளாஸ்டரா?"

தலையாட்டல்.

"நல்லா சமமாத்தான் வந்திருக்கு. இந்த ஆட்டுமேல உக்காந்திருக்கறது யாரு?"

"அது குதிரை."

"சரி, குதிரைன்னே வெச்சுக்குவோம். மேல யாரு?"

"நீ."

"என் கையில என்ன, பல்லு பார்க்கிற கண்ணாடியா? அப்ப இந்த நத்தை?"

சின்னவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள். பெரியவளின் உதடு ஒரு பக்கமாக ஏறியது. உடனே இறக்கிக்கொண்டாள். விரலைக் கறுப்பின்மேல் வைத்தாள்.

"இது ஏன் இப்படித் தீஞ்சுபோயிருக்கு? மேல என்ன பூசினே?"

"முட்டை வெள்ளைக்கரு."

"பித்தளைமேலயா? நீ காலேஜுல படிச்சது கெமிஸ்ட்ரிதானே?"

"முட்டை பட்ட கரண்டி கறுக்கும்னு எனக்கே தெரியுமேடி," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டுட்டாலும்," என்றாள் பெரியவள். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தாள். "இது என்ன, ரேகையா? எம்.எஸ்ஸி. படிச்சுட்டுக் கைநாட்டு வெச்சிருக்கே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதோடு வேறு எதுவோ சேர்ந்து வந்துவிடும் போலிருந்ததால், மென்று விழுங்கினாள்.

"சரி. இது 'அ'. மிச்சம் எங்க?"

"எழுதல."

"நாப்பது நாள்ல ஒரு எழுத்துதானா? இந்தக் கணக்குல போனா, நீ முடிக்கறதுக்குள்ள எனக்கே பல்செட்டு கட்டணும்டி." பெரியவள் பக்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது. "என்ன எழுதறதா இருந்தே? சொல்லு."

"தெரியல."

"கோடெல்லாம் போட்டு வெச்சிருக்கே. ஏதாவது இருக்கும்ல. வாயால சொல்லு. அன்னைக்கு நீ சொன்னதை நான் இந்த ரூம்ல நாப்பது நாள் கேட்டுக்கிட்டு இருந்தேன். விளக்கை அணைச்சதும் கேக்கும். அதுக்கு மேல வேற ஒண்ணு சொன்னாத்தான் அது அடங்கும். வரையாதே, சொல்லு."

சின்னவள் தரையைப் பார்த்தாள். குளியலறையில் அழகாக வந்த வாக்கியங்களைத் தேடினாள். ஒன்றும் இல்லை. கோத்துக்கொண்ட கைகளின் நகக்கண்ணில் போஸ்டர் கலர் நீலம் இன்னும் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் அவள் பேசாமல் எழுதும் மொழி ஒன்று இருந்தது. கடைசியில் அதுதான் வந்தது.

"அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பான ரீடிங்."

பெரியவள் அசையவில்லை.

"மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படி வரல."

"எத்தனை தடவை எடுத்தே?"

"மூணு." ஆய்வுக்கூடத்தில் எதையும் மூன்று தடவை எடுத்தால்தான் கணக்கு. பிறகு, முறைப்படி முழு விவரமும் தர வேண்டும் என்று தோன்றியதால் சேர்த்துக்கொண்டாள். "மூணுலயும், நீ போனா எனக்கு ஆளே இல்லன்னுதான் வந்துச்சு."

கூடத்துக் கடிகாரம் கேட்டது. பெரியவள் பர்னிஷரைத் தன் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். ஒட்டியிருந்த பொடி அதிலேயே போய்விட்டது. மறுபடியும் துடைத்தாள்.

"உன்கிட்ட முதல்ல சொல்லாததுக்குக் காரணம்," என்றாள், "சொன்னா நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. சும்மா தலையாட்டுவே. அதைப் பார்த்துட்டு என்னால கிளம்ப முடியாது. அதான் எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சுட்டு, கும்பலோட கும்பலா உன்கிட்ட சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ என்னடான்னா அன்னைக்குன்னு பார்த்து வாயைத் திறந்துட்டே."

அதன்பிறகு பெரியவள் பேச ஆரம்பித்தாள். நாற்பது நாள் பாக்கி. சிடுமூஞ்சியைப் பற்றி, அவளிடம் எப்படிப் போய் மன்னிப்புக் கேட்பது என்பதைப் பற்றி, புது ஊரில் தங்கப் போகும் அறையின் ஜன்னலைப் பற்றி, கடைவாய்ப் பல்லின் குணத்தைப் பற்றி. அம்மா பாதியிலேயே எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்தும் எல்லாம் கேட்டது. சின்னவள் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தரம் நிப்பை எடுத்து, "இப்ப எழுதித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நீ எழுத உக்காந்தா என் வண்டி போயிடும்," என்று சொல்லி, பெரியவள் பக்கத்தை அப்படியே இரண்டு சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

அக்கா போன பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவளின் செல்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு வெள்ளைச் சுவர், பாதி ஜன்னல், பக்கத்தில் செலோடேப்பால் ஒட்டிய அந்தப் பக்கம். 'அ' இப்போது பாசிபிடித்த குழாய் மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில், இவள் கடைசிவரை தொடாமல் காத்த வெற்றிடத்தில், நீலப் பால்பாயின்ட் பேனாவால், அக்காவின் கோழி கிளறிய கையெழுத்தில் மீதி எழுதியிருந்தது:

க்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பான ரீடிங். மூணு தடவை எடுத்துப் பார்த்தேன். வரல.

பதினான்கு கோடுகளில் ஒன்றைக்கூட அது மதிக்கவில்லை. முதல் வரி மேலே தொடங்கி, சரிந்து சரிந்து, குதிரையின் வயிற்றில் போய் முட்டியது. 'வரல' நத்தையின் முதுகில் ஏறியிருந்தது. சின்னவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு வாரம் உட்கார்ந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் இழுத்த கோடுகள். அவளுக்குக் காது சூடாகியது.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான், தான் எண்ணை அழுத்திவிட்டதே அவளுக்கு உறைத்தது.

"ஹலோ, என்னடி, அம்மாவுக்கு என்ன ஆச்சு?" பெரியவளின் குரல் பதறியது. "மாடி அத்தை இருக்காங்களா பக்கத்துல? போனைக் குடு."

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப யாரு போன் போட்டது?"

"நான்தான்."

சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அவ்வளவு கோடு போட்டு வெச்சிருக்கேன்ல, அதுமேல எழுதத் தெரியாதா? பென்சில்ல எழுதிப் பார்த்துட்டு எழுதியிருக்கலாம்ல? குதிரை வயித்துல போய் இடிச்சிருக்கு. அப்பறம் செலோடேப்பை எடு, அந்தப் பசை தாளை மஞ்சளாக்கிடும். சுவத்துல ஈரம் இருக்கா? இருந்தா அங்க மாட்டாதே. வெயில் படற இடமும் வேண்டாம்..."

தான் இவ்வளவு பேசுவது தனக்கே கேட்டு, நிறுத்தினாள்.

"நிறுத்தாதே, சொல்லிக்கிட்டே இரு," என்றாள் பெரியவள். ஏதோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "நான் உக்காந்துக்கறேன்."